பத்து வயதுப் பிள்ளையின் புள்ளியும் பினே கேட்ட கேள்வியும்

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் வாரத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளின் பக்கங்களும் ரியூசன் நிலையங்களின் வாசல்களில் கட்டப்படும் பதாகைகளும் ஒரே மாதிரி இருக்கும். பிள்ளையின் படம், பெயர், பாடசாலை, அவற்றுக்கு அருகே பெரிய எழுத்தில் ஓர் எண். வெட்டுப்புள்ளியை, அதாவது தகுதிக்கான குறைந்தபட்சப் புள்ளியை, தாண்டிய அந்த எண்ணைப் பெற்ற வீட்டில் கேக் வெட்டப்படுகிறது. இரண்டு புள்ளிகள் குறைந்த வீட்டில் உறவினரின் தொலைபேசி அழைப்புக்குக்கூடப் பதில் சொல்லத் தயங்குகிறார்கள். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியனாக இருப்பதால், இந்த இரண்டாவது வகை வீடுகளிலிருந்து வரும் பெற்றோரையே நான் அதிகம் சந்திக்கிறேன். அவர்கள் பல விதமாகக் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: "சேர், இவனுக்கு உண்மையிலேயே மூளை காணாதோ?" நுண்ணறிவு, ஆக்கத்திறன், மனிதருக்குள் இருக்கும் ஆற்றல் ஆகியவை பற்றி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்துவரும் உளவியல் இந்தக் கேள்விக்கு நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில் என்ன என்பதை ஆற அமர எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது.

நுண்ணறிவுச் சோதனை பிறந்த இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். 1904 இல் பிரான்சின் கல்வி அமைச்சு, வழமையான வகுப்பில் மற்றவர்களோடு சேர்ந்து கற்க முடியாமல் திணறும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று ஆராய ஒரு குழுவை அமைத்தது. கட்டாயக் கல்விச் சட்டம் வந்த பின்னர் எல்லா வகையான பிள்ளைகளும் வகுப்புக்குள் வந்துவிட்டார்கள். அவர்களில் யாருக்கு விசேட உதவி தேவை என்பதை ஆசிரியரின் விருப்பு வெறுப்புக்கு விட்டுவிடாமல் கண்டறிய ஒரு வழி வேண்டியிருந்தது. உளவியலாளர் அல்ஃபிரெட் பினேயும் அவருடைய இளம் உதவியாளரான தியோடர் சிமோனும் 1905 இல் 30 பணிகளைக் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர்வது, படத்திலுள்ள பொருட்களைச் சொல்வது, சொல்லப்பட்ட இலக்கங்களைத் திருப்பிச் சொல்வது, இரண்டு கோடுகளில் நீளமானதைக் காட்டுவது என்று எளிதானவற்றிலிருந்து கடினமானவற்றுக்கு அது ஏறிச் செல்கிறது. ஒரு கோட்டின் நீளத்தை அளப்பதுபோல இது நுண்ணறிவை அளப்பதில்லை என்பதைப் பினே அப்போதே எழுதிவைத்தார். அதற்கும் மேலே போய், 1909 இல் வெளியிட்ட நூலில், ஒருவரின் நுண்ணறிவு மாறாத அளவு என்றும் அதைக் கூட்டவே முடியாது என்றும் சொல்பவர்களின் கருத்தைக் கொடூரமான அவநம்பிக்கை என்று கண்டித்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்கான வகுப்புகளில் கவனத்தையும் நினைவையும் வளர்க்கும் பயிற்சிகளை அவர் நடத்தினார். ஆசிரியர் சைகை காட்டியதும் பிள்ளைகள் எல்லோரும் சிலைபோல அசையாமல் நிற்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பினே கேட்ட கேள்வி 'இந்தப் பிள்ளைக்கு நாம் என்ன செய்ய வேண்டும்' என்பதே.

1911 இல் பினே இறந்தார். அடுத்த ஆண்டில் ஜேர்மனிய உளவியலாளர் வில்லியம் ஸ்டேர்ன், பிள்ளையின் உளவயதை (எந்த வயதினருக்குரிய பணிகளை அது செய்கிறது என்பதை) உண்மை வயதால் வகுத்து ஒரே எண்ணாகச் சொல்லும் முறையை முன்வைத்தார். நாம் இன்று நுண்ணறிவு ஈவு என்று சொல்வதன் தொடக்கம் அதுவே. 1916 இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் டேர்மன் பினேயின் சோதனையைத் திருத்தி வெளியிட்டபோது கேள்வியும் மாறிவிட்டது. உதவி தேவைப்படும் பிள்ளையைத் தேடிய கருவி, மனிதரை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தும் கருவியாயிற்று. 1921 இல் டேர்மன் மிக உயர்ந்த ஈவு பெற்ற சுமார் 1,500 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து அவர்களின் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். அவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே வாழ்ந்தார்கள். பேராசிரியர்களும் மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் அவர்களிடையே உருவானார்கள். ஆனால் நோபல் பரிசு பெற்றவர் எவரும் அந்தக் குழுவில் இல்லை. அதே சோதனைக்கு உட்பட்டு, புள்ளி போதாது என்று விடப்பட்ட இரண்டு சிறுவர்கள் பின்னர் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள்: 1956 இல் வில்லியம் ஷொக்லி, 1968 இல் லூயிஸ் அல்வாரெஸ்.

இந்த வரலாற்றை வாசிக்கும்போது நமது புலமைப்பரிசில் பரீட்சையை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. 1940களில் கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர இலவசக் கல்வியையும் மத்திய கல்லூரிகளையும் கொண்டுவந்தபோது, கிராமத்து ஏழைப் பிள்ளைகளில் கெட்டிக்காரரை இனங்கண்டு, அவர்களுக்கு விடுதியும் செலவும் கொடுத்து நல்ல பாடசாலையில் சேர்ப்பதற்காகவே புலமைப்பரிசில் ஏற்படுத்தப்பட்டது. அதுவும் உதவுவதற்காகப் பிறந்த கருவிதான். இன்று அது நகரத்துப் பெயர்பெற்ற பாடசாலைகளின் வாசலில் நிற்கும் வடிகட்டியாக இருக்கிறது. உதவித்தொகை தேவையே இல்லாத வீட்டுப் பிள்ளையும் மூன்றாம் வகுப்பிலிருந்து அதற்காக ரியூசனுக்குப் போகிறது. இப்படி நடந்ததற்கு எமது பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. வரண்ட நிலமும் சிறிய காணித்துண்டும் கொண்ட ஒரு சமூகம் படிப்பையும் அரசாங்க உத்தியோகத்தையுமே நம்பி வாழ்ந்தது. 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் (மொழி, மாவட்டம் ஆகியவற்றின்படி புள்ளிகளைச் சரிப்படுத்தும் முறை) வந்தபோது ஓரிரு புள்ளிகள் ஒருவருடைய வாழ்க்கையையே திசைதிருப்புவதை அந்தச் சமூகம் கண்ணால் கண்டது. எண்ணுக்கு நாம் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் அந்த அச்சத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது வேறு.

பரீட்சையின் நுண்ணறிவு வினாக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எண்கோலத்தில் அடுத்து வருவது எது, கண்ணாடியில் உரு எப்படித் தெரியும், கூட்டத்தில் சேராத உரு எது என்பன போன்ற வினாக்கள், பிள்ளை முன்பு காணாத ஒன்றை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதைப் பார்ப்பதற்காக உருவானவை. அதே வகை வினாக்களை இரண்டு ஆண்டுகள், நாளுக்கு ஒரு மாதிரி வினாத்தாள் என்ற கணக்கில் செய்த பிள்ளைக்குப் பரீட்சை மண்டபத்தில் புதிதாக எதுவும் இருப்பதில்லை. அப்போது கிடைக்கும் புள்ளி எதைக் காட்டுகிறது? பயிற்சியை, நினைவை, பெற்றோரின் வசதியை, பிள்ளையின் பொறுமையை, ஓரளவுக்கு நுண்ணறிவையும் காட்டுகிறது. இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த வழியும் இல்லை.

இப்படி எழுதுவதால் நுண்ணறிவு என்று ஒன்றே இல்லை என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சார்ல்ஸ் ஸ்பியர்மன் 1904 இலேயே காட்டியதுபோல, ஒரு பாடத்தில் நன்றாகச் செய்யும் பிள்ளை பெரும்பாலும் மற்றப் பாடங்களிலும் நன்றாகவே செய்கிறது. பலவகைச் சோதனைகளின் புள்ளிகளுக்குள்ளே பொதுவான ஏதோ ஒன்று ஓடுகிறது. இது உளவியலில் மீண்டும் மீண்டும் உறுதிப்பட்ட முடிவு. ஆசிரிய பயிற்சிகளில் மொழி, இசை, உடலியக்கம் என்று தனித்தனியான பல நுண்ணறிவுகள் உண்டு என்று ஹவார்ட் கார்ட்னர் 1983 இல் முன்வைத்த பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை மிகுந்த விருப்பத்தோடு கற்பிக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஒரு நுண்ணறிவு உண்டு என்ற ஆறுதலை அது தருவதால் எனக்கும் அதன்மேல் பற்று உண்டு. ஆனால் அந்த நுண்ணறிவுகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகிச் சுயாதீனமாக இயங்குகின்றன என்பதற்கான பரிசோதனைச் சான்று மிகவும் குறைவு. ஆறுதல் தருகிறது என்பதற்காக ஒரு கோட்பாட்டை உண்மையென்று பெற்றோருக்குச் சொல்ல என் மனம் இடம் கொடுப்பதில்லை.

சொல்வதற்கு அதைவிட உறுதியான செய்திகள் இருக்கின்றன. ஜேம்ஸ் ஃபிளின் 1980களில் பல நாடுகளின் சோதனைத் தரவுகளைச் சேகரித்து, பத்து ஆண்டுகளுக்குச் சுமார் 3 புள்ளிகள் என்ற அளவில் சராசரி ஈவு உயர்ந்துவந்திருப்பதைக் காட்டினார். ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது. மாறியவை கல்வியும் உணவும் வாழ்க்கை முறையுமே. ஆறு இலட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2018 இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, பாடசாலையில் கழியும் ஒவ்வொரு மேலதிக ஆண்டும் 1 முதல் 5 வரையான ஈவுப் புள்ளிகளைக் கூட்டுகிறது என்று கண்டது.

இவற்றைவிட என்னை அதிகம் பாதித்தது, எமக்கு அருகே தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்டு 2013 இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியான ஆய்வு. கரும்பு விவசாயிக்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் பணம் வரும். எனவே அறுவடைக்கு முன் கையில் ஒன்றும் இருக்காது, அறுவடைக்குப் பின் ஓரளவு இருக்கும். ஆய்வாளர்கள் அதே மனிதர்களுக்கே இரண்டு காலங்களிலும் உருக்கோலச் சோதனையும் கவனச் சோதனையும் கொடுத்தார்கள். அறுவடைக்கு முன் 78 சதவீதமானோர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்னர் அது 4 சதவீதமாகக் குறைந்தது. அதே தலை, அதே படிப்பு. ஆனால் கடன் நெருக்கிய காலத்தில் அவர்களின் புள்ளி தெளிவாகக் குறைந்திருந்தது. பணக்கவலை மனத்தின் இடத்தை அடைத்துக்கொள்வதால் மீதிக்கு இடம் குறைகிறது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். நுண்கடன் தவணைக்காரர் வாசலுக்கு வரும் நாளை அறிந்த வீட்டில், அம்மாவின் சங்கிலி அடகில் இருப்பதை அறிந்த பிள்ளை, இரவு புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு எதை யோசிக்கும்? அந்த ஆய்வு வளர்ந்தவர்களைப் பற்றியதுதான். இருந்தாலும், புள்ளி குறைந்த பிள்ளையைப் பற்றி எவரேனும் பேசவரும்போது வீட்டு நிலைமையை முதலில் கேட்கும் வழக்கம் எனக்கு அதை வாசித்த பிறகே உறுதிப்பட்டது.

திருநெல்வேலிச் சந்தையில் எமது பாடசாலையின் ஆறாம் தர மாணவி ஒருத்தி சனிக்கிழமைகளில் தாயோடு மரக்கறி விற்கிறாள். ஒரு நாள் நான் பக்கத்தில் நிற்க, ஒருவர் ஒன்றேமுக்கால் கிலோ கத்தரிக்காயும் இருநூறு கிராம் பச்சை மிளகாயும் வாங்கி ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினார். கத்தரிக்காய் கிலோ 280, மிளகாய் கிலோ 600. அவள் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "கிலோ இருநூற்றெண்பது, அரை நூற்றிநாப்பது, கால் எழுபது, அது நானூற்றித் தொண்ணூறு, மிளகாய் நூற்றியிருபது, அறுநூற்றிப்பத்து, மிச்சம் முந்நூற்றித் தொண்ணூறு அங்கிள்" என்று சொல்லிக் காசைக் கொடுத்தாள். அதே பிள்ளை வகுப்பில் 1.75 ஐ 280 ஆல் பெருக்கும் கணக்கைச் செய்து, தசமப் புள்ளியைத் தவறான இடத்தில் வைத்து, 49 என்று எழுதியிருந்ததை அவளுடைய கணிதக் கொப்பியில் பார்த்தேன். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவோரம் விற்கும் சிறுவர்களை ஆராய்ந்து 1985 இல் வெளியிடப்பட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. 35 குருசேரோ விலையுள்ள பத்துத் தேங்காய்களுக்கு ஒரு சிறுவன் 'மூன்றுக்கு 105, இன்னும் மூன்றுக்கு 210' என்று கூட்டிக்கொண்டே போய் 350 என்று சரியாகச் சொன்னான். வியாபாரம் செய்யும்போது 98 சதவீதம் சரியாகக் கணக்குச் செய்த அந்தப் பிள்ளைகள், அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதமே சரியாகச் செய்தார்கள். அவள் சந்தையில் பிரித்துக் கூட்டிய முறையை வைத்துக்கொண்டே தசமப் பெருக்கத்தைக் கற்பிக்க முடியும். முழுக் கிலோ, அரை, கால் என்று அவள் ஏற்கெனவே பெருக்கத்தைப் பகுத்துவிட்டாள். அந்த ஓர் இணைப்பை ஏற்படுத்திக் கொடுப்பதற்கு ஒரு பாடவேளை போதும்.

ஆக்கத்திறனைப் பற்றிய ஆய்வு நுண்ணறிவு ஆய்வைவிட மிகவும் பிந்தியது. 1950 இல் அமெரிக்க உளவியற் சங்கத்தின் தலைவராக உரையாற்றிய ஜே. பி. கில்ஃபோர்ட், உளவியல் ஆய்வுச் சுருக்கங்களில் முந்தைய 23 ஆண்டுகளில் இடம்பெற்ற சுமார் 1,21,000 தலைப்புகளில் 186 மட்டுமே ஆக்கத்திறனோடு தொடர்புடையவை என்று சுட்டிக்காட்டினார். ஒரே சரியான விடையை நோக்கிக் குவியும் சிந்தனை ஒன்று, பல விடைகளை நோக்கி விரியும் சிந்தனை வேறொன்று என்று அவர் பிரித்தார். ஒரு செங்கல்லை என்னென்னவற்றுக்குப் பயன்படுத்தலாம் என்று கேட்கும் சோதனை அந்த மரபில் வந்தது. நமது பரீட்சைகள் அநேகமாக முழுவதும் குவிசிந்தனையையே கேட்கின்றன.

ஆக்கத்திறன் என்றால் என்ன என்பதற்கு யாழ்ப்பாணத்தார் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1990 இல் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பொருளாதாரத் தடையால் பெற்றோலும் மெழுகுதிரியும் பற்றரியும் கிடைக்காமற்போன ஆண்டுகளில், ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டு, மெல்லிய திரி ஒன்றை நிறுத்தி, சிறிதளவு எண்ணெயில் நெடுநேரம் படிக்கக்கூடிய விளக்கைச் செய்தார்கள். சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலிச் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் இயக்கி, இயந்திரம் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதையும், காபுரேற்றர் எப்படி வேலை செய்கிறது என்பதையும் கையால் அறிந்த மெக்கானிக்குகளுக்கே அந்த யோசனை எட்டியது. துன்பம் ஆக்கத்திறனை வளர்த்தது என்று இதை வைத்துப் பெருமை பேச எனக்கு விருப்பமில்லை; அந்த ஆண்டுகள் பறித்தவை அளவிட முடியாதவை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறொன்று. வெறும் தலையில் புதிய யோசனை முளைப்பதில்லை. ஒரு துறையில் ஆழ்ந்த அறிவு வேண்டும், அந்த அறிவைக் குலைத்துப் பார்க்கும் துணிவும் வேண்டும். பாடத்தைக் கைவிட்டுவிட்டு ஆக்கத்திறனை மட்டும் தனியே வளர்க்கலாம் என்பவர்களோடு நான் உடன்படாதது இதனால்தான்.

துணிவு எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கார்ல் ரொஜர்ஸ் 1954 இல் எழுதிய பதில் எனக்கு இன்னமும் செல்லுபடியாகத் தோன்றுகிறது: பிள்ளை தன்னை எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை என்று உணரும் பாதுகாப்பும், எதையும் நினைத்துப் பார்க்கும் சுதந்திரமும் வேண்டும். தமிழ்ப் பாடத்தில் 'நான் ஒரு பழைய சைக்கிள்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், வழிகாட்டி நூலில் உள்ள வசனங்களே முப்பது கொப்பிகளிலும் வரும். அப்படி ஒரு கட்டுக்குள் ஒரு மாணவன், "என்னை அடகு வைக்கும்போது சின்னவன் என் மணியை மட்டும் கழற்றி ஒளித்துவைத்தான்" என்று எழுதியிருந்தான். அந்த வசனத்தின் கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டு, "பாடத்தோடு தொடர்பில்லை" என்று எழுதப்பட்டிருந்தது. அந்தக் கட்டிலிருந்த கட்டுரைகளில் ஒரே உயிருள்ள வசனம் அதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பரிசும் புகழும்கூட இவ்விடத்தில் கவனத்தோடு கையாள வேண்டியவை. 1973 இல் நடந்த பரிசோதனை ஒன்றில், வண்ணப் பேனையால் விரும்பிப் படம் வரைந்த பாலர்களுள் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரங்களுக்குப் பின்னர் எவரும் எதுவும் தராதபோது, அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களின் நேரத்தில் பாதியளவாகக் குறைந்தது. தெரேசா அமபிலே 1985 இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தாளர்கள் பணம், புகழ் போன்ற புறக் காரணங்களைச் சில நிமிடம் எண்ணிப் பார்த்த பிறகு எழுதிய கவிதைகள் தரத்தில் தாழ்ந்தன. கரோல் ட்வெக்கும் கிளோடியா முல்லரும் 1998 இல் வெளியிட்டதோ நமது புலமைப்பரிசில் வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. ஒரு சோதனைக்குப் பின் "நீ கெட்டிக்காரன்" என்று பாராட்டப்பட்டவர்கள், கடினமான அடுத்த சோதனையில் சறுக்கியதும் ஆர்வம் இழந்தார்கள். "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். பிறருக்குத் தம் புள்ளியை எழுதச் சொன்னபோது கெட்டிக்காரர் என்று சொல்லப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் அதிகமானோர் கூட்டி எழுதினார்கள். ஆற்றல் வளரக்கூடியது என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தால் எல்லாம் மாறிவிடும் என்று அதன் பின்னர் கிளம்பிய உற்சாகத்தை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் சுமார் 12,000 மாணவரிடம் நடத்தி 2019 இல் வெளியான பெரிய ஆய்வில், பின்தங்கிய மாணவரின் சராசரித் தரப்புள்ளி 0.1 அளவிலேயே உயர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பயிற்சிக்கு அது சிறிய பலன், ஆனால் உண்மையான பலன். உளவியலாளர் ஏபிரகாம் மாஸ்லோ சொன்ன தன்னிறைவு நிலை (ஒருவர் தம் ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்தும் நிலை) பற்றி மேடைகளில் பேசுபவர்கள், உணவும் பாதுகாப்பும் அடித்தளம் என்று அவரே 1943 இல் எழுதியதை விட்டுவிட்டுப் பேசுவதும் அடிக்கடி நடக்கிறது.

எமது பாடசாலையில் புலமைப்பரிசில் புள்ளியின்படி ஆறாம் தரத்தை ஏ, பி, சி என்று பிரிக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்தது. சந்தையில் கணக்குச் சொன்ன மாணவி சி பிரிவில் இருந்தாள். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியர் கூட்டத்தில், மூன்று பிரிவுகளிலும் எல்லாப் புள்ளிக்காரரையும் கலந்து அமர்த்தும்படி கேட்டேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் தாமதப்படுவார்கள் என்று கணித ஆசிரியை ஆட்சேபித்தார். அது தள்ளிவிடக்கூடிய ஆட்சேபம் அன்று. வேகமாக முடிக்கும் பிள்ளைகளுக்குக் கடினமான மேலதிகக் கணக்குகளை அவரே தயாரித்துக் கொடுக்கிறார். பின்தங்கியவர்களுக்கு வாரத்தில் இரண்டு பாடவேளைகள் தனியாக ஒதுக்கப்பட்டு, அவற்றுள் ஒன்றை நான் எடுக்கிறேன். மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்ததும், கடந்த ஆண்டுப் புள்ளிகளோடு இந்த ஆண்டுப் புள்ளிகளை, மேலே இருந்தவர்களுக்கு வேறாகவும் கீழே இருந்தவர்களுக்கு வேறாகவும் ஒப்பிட்டுப் பார்ப்பதாக உடன்பட்டிருக்கிறோம். மேலே இருந்தவர்கள் சரிந்திருந்தால் வகுப்புப் பிரிப்பை மீண்டும் பேசுவோம் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.